முன்குரல்

தன்ஷிகாவுக்கு வயது ஐந்து. சுவரில் பொருத்தியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து பேசியவளுக்கு இருபத்தெட்டு.

இருவரும் ஒருவரே என்று சட்டம் சொன்னது. ஐந்து வயதுக்காரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐசியூவில், வாயில் குழாயோடு படுத்திருந்தாள். காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் மூளைக்குப் போய்விட்டது. வந்ததிலிருந்து கண் திறக்கவில்லை. இருபத்தெட்டு வயதுக்காரி உடம்பே இல்லாமல், இந்தப் பக்கத்துச் சின்ன அறையில், தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியாட்டி?" என்று கேட்டாள் செண்பகம். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்து, துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அதெல்லாம் சாப்ட்டேன்மா," என்று சிரித்தது குரல். அந்தச் சிரிப்பு செண்பகத்தின் சிரிப்பேதான், கொஞ்சம் மெலிந்து. "நீ சாப்ட்டியா? கீழ கேண்டீன்ல இட்லியைத் தொட்டுராத. கல்லு."

செண்பகத்தின் புருஷன் இசக்கிராஜா சுவரோரமாக நின்றான். பணகுடிப் பக்கம் காற்றாலைகளின் மேல் ஏறிப் பழுது பார்ப்பவன். அவ்வளவு உயரத்தில் நிற்கப் பழகியவனுக்கு இந்தத் தரையில் நிற்கத் தெரியவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

டாக்டர் ஹெப்சிபா கேட்க வேண்டியதைக் கேட்டாள். அந்த மருத்துவமனையின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அறநெறிக் குழுவுக்கும் அவள்தான் தலைவி. இந்தக் கேள்வியை எந்த வார்த்தைகளில் கேட்க வேண்டும் என்று விதி எழுதியவளும் அவள்தான்.

"தன்ஷிகா, உன் உடம்பு எப்படி இருக்குன்னு உனக்குச் சொல்லியிருக்கோம். வென்டிலேட்டரைத் தொடர்ந்தா நீ பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைச்சா நடக்க முடியுமா, பேச முடியுமா, அம்மாவை அடையாளம் தெரியுமான்னு எங்களால சொல்ல முடியல. நாங்க என்ன செய்யணும்?"

"தெரியும் டாக்டர். மெஷினை எடுத்துருங்க." குரலில் தயக்கமே இல்லை. பிறகு அது அம்மாவிடம் திரும்பியது போலிருந்தது. "ஏம்மா, இங்க பாரு. இதை நான் சொல்லுதேன். நீ சொல்லல. அப்பா சொல்லல. ஊர்ல யாராவது கேட்டா, பிள்ளையே சொல்லிட்டான்னு சொல்லு. என்ன?"

செண்பகம் ஹெப்சிபாவைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். ஆட்டி முடிப்பதற்குள் மயங்கிச் சரிந்தாள். இசக்கிராஜா தாங்கிப் பிடித்தான். நர்ஸ் ஓடி வந்தாள். கருவியை இயக்கிக்கொண்டிருந்த சமீமாவும் தண்ணீர் பாட்டிலோடு அவர்கள் பின்னால் ஓடினாள். அறை காலியானது.

பெற்றோர் இல்லாத அறையில் முன்குரல் என்ற அந்தக் கருவி ஓடக் கூடாது என்பது விதி. ஹெப்சிபா அணைக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். உடனே அழுத்த மனசு வரவில்லை. கண்ணாடி வழியாக அந்தக் குழந்தையின் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா போயிட்டாளா?" என்றது குரல்.

ஹெப்சிபாவின் விரல் அப்படியே நின்றது. முன்குரல் கேட்டதற்குப் பதில் சொல்லும். தானாகப் பேச்சை ஆரம்பித்து அவள் கேட்டதில்லை. ஆரம்பிக்க அதற்கு யாரும் இடம் கொடுத்ததில்லை.

"போயிட்டாங்க."

"அப்பா?"

"அவரும்தான்."

"அந்தக் கதவைச் சாத்துங்க டாக்டர்."

அவள் போய்ச் சாத்தினாள். ஏன் சாத்தினோம் என்று அப்புறம் யோசித்தாள்.

"எனக்குச் சாகப் பிடிக்கல டாக்டர். கை கால் வராட்டி பரவாயில்லை. மெஷினை எடுக்காதீங்க."

"இப்பதானே எடுக்கச் சொன்ன?"

"அம்மா முன்னாடி வேற என்னத்தச் சொல்ல? அவ மூஞ்சியைப் பாத்தீங்களா? நான் சொல்லாட்டி அதை அவ சொல்லணும். சொல்லிட்டு அவ உயிரோட இருப்பாளா?" என்றது. "அம்மாகிட்ட சொல்லிராதீங்க. தாங்க மாட்டா."

ஹெப்சிபா பொத்தானை அழுத்தினாள். அறை அமைதியானது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ குழந்தைகள் கையிலேயே அடங்கியதைப் பார்த்தவள். அப்போதெல்லாம் சுவர் தேவைப்பட்டதில்லை.

*

குழந்தைகளின் தீவிர சிகிச்சை வேலைக்கு அவள் வந்தது சென்னையில். பயிற்சிக் காலத்தில் ஒரு பையன், பேருந்து மோதியவன். அவன் படுக்கையைச் சுற்றிப் பெரியப்பா, தாய்மாமன், ஊர்த் தலைவர், ஒரு வக்கீல் என்று கூட்டமாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. பேசி முடித்தார்கள், குழாயை எடுக்கச் சொன்னார்கள். பையனின் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. பையனிடம் கேட்க வழியே இல்லை.

அதற்குப் பிறகு ஹெப்சிபா நோயைவிட அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் யோசித்தாள். வயதானவர் என்றால் எழுதி வைத்திருப்பார், மகளிடமாவது சொல்லியிருப்பார். ஐந்து வயசு எதைச் சொல்லியிருக்கும்? சாகப்போகிற ஆளைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஓட்டு இருக்கிற தேர்தல் இது என்று ஒரு கருத்தரங்கில் பேசினாள். கைதட்டினார்கள். கைதட்டிவிட்டுப் போய் அதே தேர்தலை நடத்தினார்கள். அவள் மருத்துவ அறம் தனியாகப் படித்தாள், கட்டுரை எழுதினாள், சீனியர்களிடம் சண்டை போட்டாள், பாளையங்கோட்டைக்குத் திரும்பினாள்.

முன்குரல் வந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. குழந்தையின் மரபணு, மூளை ஸ்கேன், வீட்டில் எடுத்த வீடியோக்கள், குடும்பத்தார் ஒருவருக்கொருவர் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாவற்றையும் அதற்குக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்தால் இந்தக் குழந்தை இருபத்தெட்டு வயதில் எப்படி யோசிக்கும், எப்படிப் பேசும் என்று கணித்து ஓர் ஆளை உண்டாக்கிக் கொடுக்கும். அந்த ஆளிடம் கேட்கலாம்: உன்னைப் பிழைக்க வைக்கட்டுமா?

குழந்தைக்கு ஓட்டு கிடைத்துவிட்டது. இதற்காகத்தான் அவள் அத்தனை வருஷம் கத்தினாள். இந்த மருத்துவமனையில் முதலில் வைத்தாள். மற்றவர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எந்தக் குழாயை எடுத்தபோதும் அவள் வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

*

"பழுதுன்னு சொல்ல முடியாது மேடம்," என்றாள் சமீமா.

மேலப்பாளையத்துக்காரி. முன்குரலை நடத்தும் கம்பெனி இந்த மருத்துவமனைக்கு அனுப்பிய பொறியாளர். செண்பகத்தைப் படுக்கவைத்துவிட்டு வந்தவளை ஹெப்சிபா கையைப் பிடித்துத் தன் அறைக்குள் இழுத்து வந்திருந்தாள்.

"பெத்தவங்க முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு சொல்லுது. இது பழுது இல்லையா?"

"உங்க வீட்டுல யாருக்காவது பெரிய நோவு வந்திருக்கா மேடம்?"

"எங்கப்பாவுக்குக் கேன்சர்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

அவரிடம் வீட்டில் அல்சர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். டாக்டர் மகளே சொன்னதால் அவர் நம்பினார். அல்லது நம்புவது போல இருந்தார்.

"எங்க நன்னா, அம்மாவோட அப்பா, அவருக்கும் அப்படித்தான்," என்றாள் சமீமா. "இந்த மெஷினுக்கு நாம கொடுக்கற குரல் செய்தியைக் கேட்டுப் பாருங்க. எந்த வீட்டு செய்தியை எடுத்தாலும் இது இருக்கும். தாத்தாகிட்ட சொல்லிராத. அவளுக்கு இப்பத் தெரிய வேண்டாம். அவர் முன்னாடி அழாத. பாசம்னா என்னன்னு அது இதுலேருந்துதான் கத்துக்குது. பாசம் இருக்கறவங்ககிட்ட நிஜத்தைச் சொல்லக் கூடாதுன்னு. எங்களுக்குப் பிள்ளை மாதிரி பேசற ஒண்ணு வேணும்னு கேட்டீங்க. பிள்ளை மாதிரியேதான் பேசுது."

"இதை யாருமே கவனிக்கலையா?"

"கவனிக்க விட்டாத்தானே? பெத்தவங்க இல்லாம பிள்ளைகிட்ட கேக்கக் கூடாதுன்னு விதி யாரு போட்டது?"

"குழு."

"நீங்கதான் மேடம்."

உண்மைதான். பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டுக் குழந்தையிடம் பேசுவது ஒரு திருட்டுத்தனம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவை நினைத்துப் போட்ட விதி அது.

சமீமா விடவில்லை. "இன்னொண்ணும் இருக்கு. முதல்ல இதுக்குக் கேமரா கிடையாது. ஆளைப் பாக்காம பேசினதால பட்டுபட்டுனு பேசிச்சு. பெத்தவங்களுக்கு அதிர்ச்சி வராத மாதிரி பேசணும், அவங்க முகம் பாத்துப் பேசணும்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்க. அப்புறம்தான் கேமரா வச்சோம்."

ஹெப்சிபா நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜை மேல் முன்குரலுக்காக அவளுக்கு விருதாகக் கொடுத்த கண்ணாடிக் கட்டி ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். அடியில் போய் மோதிச் சத்தம் போட்டது. சமீமா பயந்து எழுந்துவிட்டாள்.

"இவ்வளவு நாளா இந்தக் குரல் எடுத்துருங்கன்னு சொல்லி நான் எடுத்த பிள்ளைங்க..." என்றாள் ஹெப்சிபா.

*

டாக்டர் பிச்சுமணி பிரிவில் இன்னொரு மூத்த மருத்துவர். அடுத்த வருஷம் ஓய்வு. முன்குரலை அவர் எதிர்த்ததும் இல்லை, நம்பினதும் இல்லை. அதற்கு 'ஜோசியக்காரி' என்று பேர் வைத்திருந்தார். மத்தியானம் தன்ஷிகாவின் குழாயை எடுக்கும் வேலை அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

நடந்ததை ஹெப்சிபா சொல்லி முடித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப எடுக்க வேண்டாம்கறே."

"அவ வாழணும்ங்கறா சார். தனியா இருக்கும்போது சொன்னா. அதுதான் நிஜம்."

"ஜோசியக்காரி உனக்கு மட்டும் நிஜம் சொன்னாளாக்கும்?"

"சார்!"

"கோவிச்சுக்காதே தாயே. நானும் ஒரு தடவை கேக்கறேன். எனக்கும் கை இருக்கு, நான்தான் எடுக்கணும். நீ வெளியே நில்லு. சமீமா, இவளுக்கு வெளியிலேருந்து கேக்கற மாதிரி வை."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஹெப்சிபாவும் சமீமாவும் நடைவழியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி முன்னால் நின்றார்கள். வார்டு பாய் ஒருவர் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வண்டியின் சக்கரச் சத்தம் போகும்வரை சமீமா காத்திருந்துவிட்டு இயக்கினாள்.

"என்னம்மா தன்ஷிகா, நான் பிச்சுமணி. உன்னை ரொம்பப் போட்டுப் படுத்தறோம்ல?" என்று கேட்டது அவர் குரல். அவர் எல்லாக் குழந்தைகளிடமும் அப்படித்தான் பேசுவார், மயக்கத்தில் இருந்தாலும்.

"ஆமா சார். போதும் சார்."

ஹெப்சிபா ஒலிபெருக்கியின் மேல் குனிந்தாள்.

"போதும்னா?"

"மெஷினை எடுத்துருங்க. வலிக்கி. அந்தக் குழாய்ல சளியை உறிஞ்சி எடுக்கும்போது நெஞ்சே வெளிய வருத மாதிரி இருக்கு." குரல் தணிந்தது. "ஹெப்சிபா டாக்டர்கிட்ட வேற மாதிரி சொன்னேன். அவங்ககிட்ட சொல்லிராதீங்க. அவங்க தாங்க மாட்டாங்க."

சமீமா ஒலிபெருக்கியை அணைத்தாள். யாரும் சொல்லாமலே அணைத்தாள்.

ஹெப்சிபாவைப் பற்றி அத்தனை பேர் அத்தனை விதமாகப் பேசியிருக்கிறார்கள். முரட்டுத்தனம், பிடிவாதம், கல்நெஞ்சு. தாங்க மாட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. முன்குரல் பொத்தானில் அவள் வைத்த விரலைப் பார்த்திருக்கிறது. அழுத்தாமல் நின்றதைப் பார்த்திருக்கிறது. அவளுக்கு என்ன வேண்டுமோ அதை எடுத்துக் கொடுத்திருக்கிறது, செண்பகத்துக்குக் கொடுத்த மாதிரியே.

பிச்சுமணி வெளியே வந்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எனக்கு என்ன பயம்னா ஹெப்சி, அது சொன்னது எனக்கு ஆறுதலா இருந்துது." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் போதும்னு நினைச்சுக்கிட்டுத்தான் உள்ளே போனேன்."

"யாருமே கேக்காம கேட்டா?" என்று சமீமாவிடம் திரும்பினாள் ஹெப்சிபா. "கேமராவை மூடிரு. மைக் வேண்டாம். பேர் போடாம, எழுத்துல மட்டும் அனுப்பு. எங்க யார் முகமும் அதுக்குத் தெரியக் கூடாது."

"அப்படி இதுவரைக்கும் செஞ்சதில்ல மேடம்."

"செய்."

மூன்று பேரும் திரையைச் சுற்றி நின்றார்கள். சமீமா விதியில் உள்ள அதே வாக்கியங்களை ஒன்றுவிடாமல் தட்டினாள். நாங்க என்ன செய்யணும்?

வழக்கமாக உடனே வரும் பதில் வரவில்லை. பிறகு எழுத்து வந்தது.

யாரு கேக்கா?

சமீமா ஹெப்சிபாவைப் பார்த்தாள். "யாரும் இல்லைன்னு போடு," என்றாள் ஹெப்சிபா.

யாரும் இல்லை, உனக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லு, என்று சமீமா தட்டினாள்.

இந்த முறை இன்னும் நேரமானது.

அப்ப யாருக்காகச் சொல்லணும்?

அவ்வளவுதான். மறுபடி கேட்டார்கள். மாற்றிக் கேட்டார்கள். அதே வரி வந்தது. அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பி இத்தனை காலம் அவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகிறவனின் சத்தம்தான் உள்ளேயிருந்து திரும்பி வந்திருக்கிறது. சமீமா கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிச்சுமணிதான் முதலில் பேசினார். "இதை வெளிய சொன்னா, நாம அனுப்பிவச்ச அத்தனை பிள்ளைங்க வீட்டுலயும் திரும்ப எழவு விழும். பிள்ளையே சொல்லிட்டுப் போச்சுன்னுதான் அவங்க எழுந்து வேலைக்குப் போறாங்க."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா நான் இப்ப போய்க் குழாயை எடுக்கணும். எடுக்கவா?"

ஹெப்சிபா பெற்றோரைப் பார்க்க நடந்தாள்.

*

பெற்றோரிடம் பேசுவதற்கென்று ஓர் அறை இருந்தது. வெளிறிய பச்சைச் சுவர், யானை ஸ்டிக்கர்கள், மேஜையில் ஒரு டிஷ்யூ பெட்டி. செண்பகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குளுக்கோஸ் ஏற்றிய கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இசக்கிராஜா ஜன்னல் பக்கம் நின்றான்.

"நேரம் ஆச்சா டாக்டர்?" என்றாள் செண்பகம்.

"இல்லம்மா. நான் ஒண்ணு சொல்ல வந்திருக்கேன். காலையில உங்க பொண்ணு பேசினாளே..." ஹெப்சிபா நிறுத்தினாள். விதிப்படி சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றும் இதற்கு இல்லை. "அது உங்க பொண்ணு இல்லை. அது கேக்கறவங்க முகத்தைப் பார்த்து, அவங்களுக்கு எது பாரமில்லையோ அதைச் சொல்லுது. நாங்க தனித்தனியா கேட்டோம். ஆளுக்கு ஒண்ணு சொல்லுது. அது சொன்னதை வச்சு நான் எதையும் செய்ய முடியாது."

அழுவார்கள், கத்துவார்கள், கையை ஓங்குவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். செண்பகம் டிஷ்யூ பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"தெரியும் டாக்டர்."

"என்ன தெரியும்?"

"எங்களுக்காகச் சொல்லுதுன்னு தெரியும். கேண்டீன் இட்லி கல்லுன்னு சொல்லும்போதே தெரிஞ்சு போச்சு. நேத்துப் பூரா நான் எங்க அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ்ல அதைத்தான் பொலம்பிக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏன் தலையாட்டினீங்க?"

செண்பகம் புருஷனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஹெப்சிபாவைப் பார்த்தாள்.

"உங்களுக்காகத்தான். நீங்க அங்க நின்னு கேட்டுட்டு இருந்தீங்கல்லா. பாவமா இருந்துது. எல்லாம் செஞ்சு பாத்துட்டீங்க, வாயைத் தொறந்து சொல்ல முடியாமத்தான் இந்த மெஷினை வச்சு சொல்ல வைக்கீங்கன்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரவுகளும் சோறு தண்ணி இல்லாம நிக்காக. நான் ஒருத்தி முரண்டு பண்ணினா நல்லாவா இருக்கும்?"

"உங்களுக்கு என்ன வேணும் செண்பகம்?"

இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது கேட்டபிறகுதான் ஹெப்சிபாவுக்கு உறைத்தது. கேட்கத் தேவையில்லாத ஏற்பாட்டைத்தான் அவள் செய்து வைத்திருந்தாள்.

"எனக்கு அவ வேணும்," என்றாள் செண்பகம். குரல் உடையவில்லை. "கண்ணு தெரியாட்டியும் வேணும். என்னைத் தெரியாட்டியும் வேணும். தூக்கிச் சொமக்கேன். சுயநலம் புடிச்சவன்னு சொல்லுவாங்கன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

"செண்பகம்," என்றான் இசக்கிராஜா.

முதல் தடவையாக அவன் ஜன்னலை விட்டு வந்தான்.

"எனக்கு வேண்டாம்," என்றான். "என்னால முடியல. அவளை அப்படிப் பாக்க என்னால முடியல. ரெண்டாவது நாளே முடியல. எப்ப முடியும் எப்ப முடியும்னு வெளிய நின்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

செண்பகம் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். எழுந்து அவனைப் பார்த்தாள். அந்த மனிதனை அவள் இதற்கு முன் பார்த்தேயிராத மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"எம்பிள்ளை சாகணும்னா வேண்டினீரு?"

"ஏ, அப்படிச் சொல்லல..."

"வேற எப்படிச் சொன்னீரு?"

"நீ மட்டுமா பெத்த? ஃபிட்ஸ் வந்தப்ப அவளைக் கையில புடிச்சிருந்தது நானு! அந்த வெட்டு நின்ன பெறவும் என் கை நிக்கலடி, தெரியுமா ஒனக்கு?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்!"

கண்ணாடிக்கு வெளியே நடைவழியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹெப்சிபா இருவருக்கும் நடுவே கையை நீட்டினாள். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டாள்.

இசக்கிராஜா அவள் பக்கம் திரும்பினான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏன் டாக்டர் சொன்னீங்க? நல்லா சொல்லிச்சே அது. பொய்யோ மெய்யோ, எங்க யார் மேலயும் பழி இல்லாமச் சொல்லிச்சு. அதோட விட்டிருந்தா நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்போம்."

உண்மை பெரிது என்று ஹெப்சிபா எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருந்தாள். உண்மைக்குப் பிறகு இரண்டு பேர் எந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போவார்கள் என்று எழுதவில்லை.

கதவு திறந்தது. பிச்சுமணி தலையை நீட்டினார்.

"சார், எடுக்க வேண்டாம்," என்றாள் ஹெப்சிபா. "இன்னைக்கு எடுக்கல. மூளையில வீக்கம் வடிய இன்னும் கொஞ்சம் நாள் கொடுப்போம். அடுத்த ஸ்கேன் பாப்போம். பாத்துட்டு எடுக்கணும்னா அதையும் நானே சொல்றேன்."

"குழுவுல என்னன்னு எழுத?"

"நான் சொன்னேன்னு எழுதுங்க. அவ சொன்னான்னு எழுதாதீங்க. இவங்க சொன்னாங்கன்னும் எழுதாதீங்க."

பிச்சுமணி தலையை இழுத்துக்கொண்டார். ஹெப்சிபா அந்த இருவர் பக்கம் திரும்பினாள். நாற்பது தாண்டிய வயதில் தன் தலையிலிருந்து இறக்கி ஐந்து வயதுப் பிள்ளைகளின் தலையில் வைத்த பாரம் இது. எவ்வளவு கனம் என்பது மறந்தே போயிருந்தது.

"இது என் முடிவு," என்றாள். "தப்பாவும் இருக்கலாம். நாளைக்கு அவ ரொம்பக் கஷ்டப்பட்டா, அது என்னாலதான். இசக்கிராஜா, நீங்க திட்டணும்னா என்னைத் திட்டுங்க, இவங்களைத் திட்டாதீங்க. செண்பகம், ஸ்கேன் மோசமா இருந்தா நான் நிறுத்தச் சொல்லுவேன். அப்ப நீங்களும் என்னைத்தான் திட்டணும்."

இசக்கிராஜா வெளியே போனான். கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். கண்ணாடி வழியாக அவன் லிஃப்டைத் தாண்டி மாடிப்படிப் பக்கம் போவது தெரிந்தது.

செண்பகம் மறுபடி உட்கார்ந்தாள். கையிலிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து ஹெப்சிபாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஏதோ படிப்பது மாதிரி.

"நீங்க செஞ்சது சரிதான் டாக்டர்," என்றாள். "எனக்கு இப்ப நிம்மதியா இருக்கு. நீங்க போய் ஒரு வாய் சாப்பிடுங்க."

ஹெப்சிபா அந்த முகத்தையே பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறாளா, தன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாளா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுவிடலாம். கேட்டால் இவள் ஆமாம் என்றுதான் சொல்வாள்.